பழைய கணினிக்குள் கெடாவின் கைகள்



கைப்பேசியைத் தட்டினால் ஆயிரம் விளையாட்டுகள் வந்து நிற்கும் காலம் இது. அப்படியிருக்க, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மூலையில் தூக்கிப் போட்ட கணினியைத் தேடிப் பிடித்து, தூசு தட்டி, பழைய விளையாட்டைப் பழைய கணினியில்தான் ஆடுவேன் என்று நிற்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் கிடைக்கும் பட்டம், ‘வேறு வேலை இல்லாதவன்’ என்பது. சிரித்துத் தள்ளிவிடும் அளவுக்கு இது அற்பமான காரியமா என்பதுதான் இன்றைய பேச்சு.

1990-களின் இறுதியில் கெடாவில் பள்ளிக்குப் போன பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் கைமாறி, லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று பட்டணத்து ஓரத் தாமான்களுக்கு இடம்பெயர்ந்த காலம். வீட்டில் ஒரு கணினி இருந்தால் அது பெரிய விஷயம். பலருக்குக் கடைவீட்டு மாடியில் இருந்த சைபர் கஃபேதான் கதி. மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, 1996-இல் வந்த ‘ரெட் அலர்ட்’, 1997-இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’, பிறகு எல்லாரையும் கட்டிப் போட்ட ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ என்று ஆடியவர்களுக்கு இன்று வயது நாற்பதை ஒட்டி. கையில் கொஞ்சம் காசு, விடுமுறை நாளில் கொஞ்சம் நேரம். ஆசை வந்துவிடுகிறது. ஆசை வந்ததும் செய்யும் முதல் காரியமே தவறாகிப் போகிறது. இணையத்தில் யாரோ புகழ்ந்த பாகத்தை, பெயர் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கி விடுகிறார்கள். வாங்கிய பிறகுதான் அது தாய்ப்பலகையில் பொருந்தாது என்பது தெரிகிறது.

முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது பாகத்தையன்று, விளையாட்டை.

ஏன் என்றால், பழைய விளையாட்டுகளில் சில, கணினியின் வேகத்தையே கடிகாரமாக வைத்து ஓடின. 1990-இல் வந்த ‘விங் கமாண்டர்’ அப்படிப்பட்டது. அதை வேகமான கணினியில் போட்டால் விமானம் கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும், ஆடவே முடியாது. டர்போ பாஸ்கல் என்னும் மொழியில் எழுதப்பட்ட பல நிரல்கள், ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினியில் திறக்கும்போதே பிழை காட்டி நின்றுவிடும். அந்தக் காலத்துக் கணினிப் பெட்டிகளில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருந்ததே, நினைவிருக்கிறதா? வேகத்தைக் கூட்டுவதற்கு என்றுதான் பலர் நினைத்தார்கள். அது இருந்ததே தேவைப்படும்போது வேகத்தைக் குறைப்பதற்கு!

ஆக, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ காலத்து டாஸ் விளையாட்டுகள் மட்டும் போதும் என்பவருக்கு ஒரு 486 கணினியே தாராளம். ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஆட வேண்டும் என்பவருக்கு விண்டோஸ் எக்ஸ்பியும் ஒரு பெண்டியம் 4-உம் போதும். அவை இன்னும் அலுவலகக் கிடங்குகளில் கிடக்கின்றன, பெரிய விலையும் இல்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். டாஸ் விளையாட்டு மட்டும் போதும், பெட்டி எதுவாக இருந்தாலும் சரி என்பவர்களுக்கு இந்தச் சிரமமே வேண்டாம். 2002-இல் வெளிவந்த ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச நிரல் இன்றைய மடிக்கணினியிலேயே அந்த விளையாட்டுகளை ஓட்டிக் காட்டும். பழைய இரும்பைத் தேடுகிறவருக்கு விளையாட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆசை இருக்கிறது என்று பொருள்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் பலர் தேடும் கணினி. டாஸ் விளையாட்டும் ஓட வேண்டும், விண்டோஸ் 98-இன் முப்பரிமாண விளையாட்டும் ஓட வேண்டும். இதற்கு ஏற்றது 1998-இல் இன்டெல் வெளியிட்ட 440பிஎக்ஸ் என்னும் சிப்செட் பொருத்திய தாய்ப்பலகை. பெண்டியம் 2, செலரான், பெண்டியம் 3 ஆகியவற்றுக்கு உரியது. இதன் சிறப்பு என்னவென்றால், பெரும்பாலான 440பிஎக்ஸ் பலகைகளில் மூன்று தலைமுறைச் செருகுவாய்கள் ஒன்றாக இருக்கும். ஒலி அட்டைக்குப் பழைய ஐ.எஸ்.ஏ., மற்றவற்றுக்கு பி.சி.ஐ., படஅட்டைக்கு ஏ.ஜி.பி. வேகம் அதிகமாகிப் போனால், பயாஸ் அமைப்பிற்குள் போய் செயலியின் உள்நினைவகத்தை அணைத்துவிட்டால் அது 386 அளவுக்கு மெதுவாகிவிடும். ஒரே பெட்டியில் பத்தாண்டு விளையாட்டுகள். பலகையை வாங்கும்போது ஐ.எஸ்.ஏ. செருகுவாய் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள்; கறுப்பாக, மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். நினைவகம் 128 அல்லது 256 மெகாபைட் போதும். நிறையப் போட்டால் நல்லது என்று 1 கிகாபைட் போட்டவர்கள் விண்டோஸ் 98 திறக்காமல் திண்டாடுகிறார்கள்; 512-ஐத் தாண்டினாலே அது தகராறு செய்யும்.

இனி செயலி. இங்கேதான் நேயர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அந்தக் காலத்து இன்டெல் செயலிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் ஆங்கிலத்தில் ‘மலாய்’ என்று ஐந்து எழுத்து பொறித்திருக்கும். மலேசியாவின் சுருக்கம் அது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் கே6 செயலிகளில் ‘மலேசியாவில் இணைக்கப்பட்டது’ என்று விரிவாகவே இருக்கும். இன்டெல் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை அமைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனம் அமைத்த முதல் தொழிற்சாலை அது. ஏ.எம்.டி.யும் அதே காலத்தில் அங்கு வந்தது. கெடாவிலேயே கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கும் இன்டெல் கால் பதித்தது. சிலிக்கான் தகட்டை வெளிநாட்டில் செய்து அனுப்புவார்கள். அதை வெட்டி, கூட்டில் பொருத்தி, கம்பி இணைத்து, சோதித்து, இது ஓடும், இது ஓடாது என்று பிரிப்பது இங்கு நடந்த வேலை.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் இளம் பெண்கள். மலாய்க்காரப் பெண்களோடு நம் இந்தியப் பெண்களும். தோட்டத்தில் அம்மா பால் மரத்துக்குப் போக, மகள் விடியுமுன் எழுந்து சாலை முனையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நின்ற காட்சியைக் கெடாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ் பக்கமிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கிற்கு ஓடிய பேருந்துகள் அவை. 1985-இல் பாலம் திறக்கப்பட்ட பிறகு நேராகத் தீவுக்கே போயின. ஆரம்ப காலத்தில் உருப்பெருக்கியில் கண் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைத்தார்கள். பின்னர் இயந்திரம் வந்தது, இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மாறி மாறிப் போனது வாழ்க்கை. அந்தச் சம்பளத்தில் தம்பி படித்தான், வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள், தங்கைக்குக் கல்யாணம் ஆனது. ஆனால் தாங்கள் செய்த பொருள் ஒரு கணினிக்குள் உட்கார்ந்து என்ன செய்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? வீட்டில் கணினி இல்லாத காலத்தில் கணினியின் மூளையைக் கையில் பிடித்தவர்கள் அவர்கள்.

இதில் ஒரு சுவையான விவரம் உண்டு. பெண்டியம் 2, செலரான், பெண்டியம் 3 காலத்துச் செயலிகளில் நீளமாக ஒரு தொகுதி எண் இருக்கும். அதன் முதல் எழுத்து அல்லது இலக்கம் தொழிற்சாலையைக் குறிப்பது. மலேசியாவுக்கு ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தைப் பல சில்லுகளில் காணலாம். அடுத்த இலக்கம் ஆண்டு. அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் அந்த ஆண்டின் வாரம். ‘எல்’லுக்குப் பின் 916 என்று இருந்தால், 1999-ஆம் ஆண்டின் 16-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் மாதம். அந்த வாரத்தில் பாயான் லெப்பாஸில் வேலை பார்த்த ஒரு பெரியம்மாவோ அத்தையோ குடும்பத்தில் இருந்தால், அந்தச் சில்லை அவரிடம் காட்டுங்கள். அவர் கையால் கடந்ததுதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கடந்திருக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாதே!

வருந்தத்தக்கது என்னவென்றால், இந்தச் சில்லுகள் வேகமாக அழிந்து வருகின்றன. பழுதாகி அன்று, தங்கத்துக்காக. பழைய செயலிகளின் கால்களில் தங்க முலாம் உண்டு. பீங்கான் கூட்டில் வந்த 486, பெண்டியம் புரோ போன்றவற்றில் அது அதிகம் என்பதால், பழைய இரும்பு வியாபாரத்தில் அவற்றுக்கு எடைக்கு விலை. ஓடுகிற சில்லையும் ஓடாத சில்லையும் ஒரே சாக்கில் போட்டு நிறுத்து அனுப்பிவிடுகிறார்கள். சிலர் வீட்டுப் பின்புறத்திலேயே அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கப் பார்க்கிறார்கள். கிடைக்கும் தங்கம் கொஞ்சம். நுரையீரலுக்குள் போகும் புகை கொஞ்சமன்று. ஆகவே செயலியைத் தேடுகிறவர் இணையச் சந்தைக்குப் போகுமுன், உறவினர் வீட்டுச் சாமான் அறை, மூடிய கடைகளின் கிடங்கு, பழைய சாமான் கடை ஆகியவற்றில் முதலில் கேட்பது நல்லது. உயிரோடு மீட்கலாம், விலையும் குறையும்.

ஒலி அட்டைக்கு வருவோம். இதற்கும் நெடுந்தூரம் போக வேண்டாம். 1981-இல் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டையை வெளியிட்டது. டாஸ் விளையாட்டுகள் பல அதை நம்பியே எழுதப்பட்டன. 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 கிடைத்தால் நல்லது. அந்தப் பெயருக்காகவே விலை ஏற்றிச் சொன்னால் விட்டுவிடலாம், இ.எஸ்.எஸ்., யமஹா சில்லு பொருத்திய பெயர் தெரியாத ஐ.எஸ்.ஏ. அட்டைகள் டாஸ் விளையாட்டுக்கு அதே வேலையைச் செய்கின்றன, சிலவற்றில் இரைச்சலும் குறைவு. பி.சி.ஐ. ஒலி அட்டை விண்டோஸில் அருமையாகப் பாடும், டாஸில் ஊமையாகிவிடும் வாய்ப்பு அதிகம். விளையாட்டு கேட்கும்போது முகவரி 220, குறுக்கீடு 5, டி.எம்.ஏ. 1 என்று கொடுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் ஒலிக்கும்.

படஅட்டையில்தான் பணம் கரைகிறது. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டை 1996-இல் வந்தபோது முப்பரிமாண விளையாட்டின் முகமே மாறியது. அந்த நிறுவனத்தின் சொத்துகளை வாங்க என்விடியா 2000 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. அதோடு அந்த வரிசை முடிந்தது. செய்வாரில்லை, கேட்பார் ஏராளம். விலை கேட்டால் தலை சுற்றும். ‘கிளைடு’ என்னும் வூடூவின் சொந்த முறைக்காகவே எழுதப்பட்ட சில விளையாட்டுகளை ஆட விரும்புகிறவருக்கு அது தேவைதான். மற்றவர்களுக்கு 1999-இன் டிஎன்டி2, 2000-இன் ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் போதும். முதல் வூடூவை வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அது தனியாக வேலை செய்யாது. சாதாரணப் படஅட்டை ஒன்றும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு வடத்தால் இணைக்க வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியமானது மின்சாரம். மின்வழங்கிப் பெட்டியின் பின்புறம் சிவப்பாக ஒரு சிறு விசை இருக்கும். 115 என்றும் 230 என்றும் போட்டிருக்கும். அமெரிக்காவிலிருந்து தருவித்த கணினியில் அது 115-இல் இருக்கும். அப்படியே நம் சுவரில் செருகினால் ‘டமார்’ என்ற சத்தத்தோடு கதை முடிந்தது. மிகப் பழைய ஏ.டி. வகையில் பலகைக்குப் போகும் செருகிகள் இரண்டு. இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் ஒன்றையொன்று பார்த்து இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் பலகை போய்விடும். அந்தப் பெட்டிகளுக்குள் பல்லி புகுந்து செத்துக் கிடப்பதும் நம் ஊரில் சாதாரணம். திறந்து பார்க்காமல் மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஆனால் மின்வழங்கியின் உள்பகுதியையும், பழைய குழாய்த் திரையின் பின்பகுதியையும் தெரியாதவர்கள் தொட வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பலகையில் இரண்டு நோய்கள் உண்டு. 386, 486 காலத்துப் பலகைகளில் நீலநிறப் பீப்பாய் போன்ற ஒரு மின்கலம் பற்ற வைத்திருக்கும். அது கசிந்து சுற்றியுள்ள செம்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சையாகப் பூத்திருந்தால் மின்கலத்தை வெட்டி எடுத்து, வெள்ளை வினிகரால் துடைத்து, பிறகு சாராயத்தால் சுத்தம் செய்து காய வைக்க வேண்டும். அடுத்து, ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த பலகைகளில் தரங்குறைந்த மின்தேக்கிகள் உலகெங்கும் புகுந்துவிட்டன. தலை உப்பியோ, பழுப்பாக வழிந்தோ இருந்தால் அந்தப் பலகை எத்தனை மலிவாகக் கிடைத்தாலும், பற்றவைக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் வேண்டாம். கெடாவின் இடி மின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தொலைபேசிக் கம்பி வழியாக வந்த மின்னலில் மோடம் கருகிய வீடுகள் எத்தனையோ.

கணினியோடு வரும் பழைய ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஆட முடியாது. இன்று பலரும் புகைப்படக் கருவிக்கு வந்த ‘காம்பேக்ட் ஃபிளாஷ்’ அட்டையை ஒரு சிறு இணைப்பியோடு அந்த இடத்தில் பொருத்துகிறார்கள், சத்தமில்லை, சூடில்லை. 8 அல்லது 16 கிகாபைட் போதும். 440பிஎக்ஸுக்கு முந்திய பலகைகள் பல 8.4 கிகாபைட்டுக்கு மேல் பார்க்கத் தெரியாதவை. டாஸ் 6.22 மட்டும் போடுகிறவர்கள் ஒவ்வொரு பிரிவையும் 2 கிகாபைட்டுக்குள் வைக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே துடைத்துவிடாதீர்கள்! பள்ளியிலிருந்தோ கோயில் அலுவலகத்திலிருந்தோ வந்த கணினியாக இருந்தால் அதற்குள் தமிழ் இருக்கும். மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருளும், பின்னர் வந்த முரசு அஞ்சலும்தான் இங்கே பல தமிழ்ப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தட்டச்சுக்குக் கைகொடுத்தன. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டிய அந்தக் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரியும். பழைய எழுத்துருவோடு கூடிய விண்டோஸ் 98-இல் திறந்தால் அப்படியே தமிழாக நிற்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர், மூடப்பட்ட தோட்டத்தின் கோயில் திருவிழாக் கணக்கு, பழைய மாணவர் பெயர்ப் பட்டியல் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். விளையாட்டுக்காகக் கட்டிய கணினியால் கிடைக்கும் இந்த உபகாரத்தை ‘வேறு வேலை இல்லாதவன்’ என்று திட்டுகிறவர்களும் ஒப்புக்கொள்வார்கள். முதலில் படியெடுங்கள், பிறகு துடையுங்கள். அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்கவும் வேண்டாம். விண்டோஸ் 98-க்கான பாதுகாப்பு ஆதரவு 2006 ஜூலையோடு முடிந்துவிட்டது.

இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டுக் குறுந்தட்டுகளைச் சிலர் இன்னும் வைத்திருப்பார்கள். பெரும்பாலானவை பூஞ்சை பிடித்துப் போயிருக்கும். பழைய விளையாட்டுகள் பலவற்றை இன்று சிறு தொகைக்கு முறைப்படி இணையத்தில் வாங்க முடிகிறது. திருட்டுத் தட்டோடு போராடுவதைவிட அது நிம்மதி.

எல்லாம் சேர்ந்ததும் பெட்டிக்குள் பூட்ட அவசரப்பட வேண்டாம். மேசையில் அட்டைத்தாள் விரித்து, பலகை, செயலி, ஒரே ஒரு நினைவக அட்டை, படஅட்டை, இவற்றை மட்டும் செருகி உயிர் கொடுங்கள். அந்தக் காலத்து அவார்டு பயாஸில் ஒரு குறுகிய ‘பீப்’ வந்தால் நலம். நீண்ட ‘பீப்’ விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தால் நினைவகத்தைக் கழற்றி, கால்களை அழிப்பானால் துடைத்து மறுபடி செருகுங்கள். ஒரு நீண்டதும் இரண்டு குறுகியதும் வந்தால் படஅட்டையில் கோளாறு. ஒலி அட்டையையும் மற்றதையும் ஒவ்வொன்றாக அதன் பிறகு சேர்க்கலாம். எந்தப் பாகம் தகராறு செய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தேடும் படலத்தில் உதவாத பலகைகள் வீட்டில் குவிந்துவிடும். இல்லத்தரசிகளின் பொறுமைக்கும் எல்லை உண்டு. அவற்றைக் குப்பைத் தொட்டியில் போடுவதோ, தோட்டத்து ஓரத்தில் எரிப்பதோ கூடாது. 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு, எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணோடு அட்டவணைக் கழிவுகளில் சேர்க்கப்பட்டுள்ளது. உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடலாம். கொடுப்பதற்கு முன் திருகாணிகள், ஜம்பர் மூடிகள், வடங்கள் ஆகியவற்றைக் கழற்றி ஒரு பால்மாவு டின்னில் போட்டு வையுங்கள். அடுத்த கணினிக்குக் கடையில் கேட்டால் அவை கிடைப்பதில்லை.